நனவா, பிரக்ஞையா?

வைகைவாசி:
பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் கட்டுரை ஒன்றில் "இயந்திரத்துக்கு நனவு வருமா?" என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் consciousness எனப்படுவதைத்தான் நனவு என்றேன். ஆசிரியர் குழு அதைப் 'பிரக்ஞை' என்று திருத்திவிட்டது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நனவு வள்ளுவர் ஆண்ட சொல். உளவியல் எழுத்தில் 'நனவிலி மனம்' (நாம் அறியாமலே இயங்கும் மனம்) வேரூன்றிவிட்டது. நனவிலியை ஏற்றவர்கள் நனவை ஏற்க ஏன் தயங்குகிறார்கள்? எட்டாம் வகுப்புப் பிள்ளை 'க்ஞை'யை வாய்விட்டுப் படிக்கவே திணறும்.

சொல்லேர்:
வள்ளுவரையே எடுத்துக்கொள்வோம். "நனவென ஒன்றில்லை ஆயின் கனவினால் காதலர் நீங்கலர் மன்" (1216). இங்கே நனவு கனவுக்கு மறுதலை; விழித்திருக்கும் வேளை, அவ்வளவுதான். கனவில் காதலனைக் கண்டு மகிழ்கிறாளே அந்தப் பெண், அந்த மகிழ்ச்சியை அறிவது எது? கனவிலும் அறுபடாத அந்த அறிதலுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். அதற்கு நனவு என்று பெயர் வைத்தால், கனவு காண்பவருக்கு அனுபவமே இல்லை என்றாகிவிடும்.

வைகைவாசி:
பொருள் விரிவது சொல்லின் இயல்பு, நண்பரே. பிரக்ஞை மட்டும் பொருள் மாறாமலா வந்தது? பௌத்தத்தில் அது மெய்யறிவு. பயின்று அடைய வேண்டியது. நீங்கள் தேடும் பொருளுக்கு அங்கே வழங்கும் சொல் விஞ்ஞானம். அதை நாம் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் கொடுத்துவிட்டோம்! பிரக்ஞைக்கு உள்ள சலுகை நனவுக்கு ஏன் இல்லை?

ஏட்டுக்கட்டு:
அந்த விஞ்ஞானத்தைச் சீத்தலைச் சாத்தனார் எப்படித் தமிழாக்கினார் என்று பாருங்கள். துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றும் வழியைப் பௌத்தம் பன்னிரு சார்புகளாகச் சொல்கிறது. அவற்றை மணிமேகலை "பேதைமை செய்கை உணர்வே அருவுரு" என்று தொடங்கி அடுக்குகிறது. மூன்றாவது இடத்தில் நிற்கும் உணர்வுதான் அது. வீட்டிலேயே சொல் இருக்கும்போது நனவும் வேண்டாம், பிரக்ஞையும் வேண்டாம்.

சொல்லேர்:
அழகான சான்று. ஆனால் இன்று உணர்வு என்றால் இன உணர்வு, மொழி உணர்வு, புண்பட்ட உணர்வு. "இயந்திரத்துக்கு உணர்வு வருமா?" என்று எழுதினால், அது அழுமா, சிரிக்குமா என்றுதான் வாசகர் கேட்பார்.

வார்டு செவிலி:
நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். உறவினர்கள் எங்களிடம் கேட்பது "நினைவு திரும்பிவிட்டதா?" என்றுதான். விபத்துக்கு முந்தைய நாளை மறந்தவருக்கும் 'நினைவு இல்லை' என்பார்கள், மயங்கிக் கிடப்பவருக்கும் அதையே சொல்வார்கள். குழப்பம் வராமலிருக்க 'சுயநினைவு' என்போம். நனவு குறித்து ஒன்று சொல்ல வேண்டும். சில நோயாளிகளுக்குக் கண் திறந்திருக்கும்; உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும்; ஆனால் தன்னையோ எதிரே நிற்கும் மகளையோ அறிவதற்கான அடையாளம் எதுவும் தென்படாது. 1972-இல் ஜென்னட், பிளம் என்ற இரு மருத்துவர்கள் இந்த நிலையைத் தனியே பிரித்துப் பெயரிட்டார்கள். இவருக்கு நனவு உண்டா, இல்லையா? விழிப்பு உண்டு, அறிதல் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், அந்த மகளுக்கு என்னால் எதையும் விளக்க முடியாது.

வைகைவாசி:
இதற்கு என்னிடம் எளிதான மறுமொழி இல்லை. விழிப்புக்கு நனவு இருக்கட்டும். அறிதலுக்குத் 'தன்னுணர்வு' என்று வைத்துக்கொள்ளலாமே? பிள்ளைகளுக்கும் புரியும். பிரக்ஞையை இன்னமும் ஏற்க மாட்டேன். 'சமூகப் பிரக்ஞை', 'வரலாற்றுப் பிரக்ஞை' என்று சிறுபத்திரிகைகள் அதைக் கருத்துத் தெளிவுக்கான சொல்லாக மாற்றி நெடுங்காலம் ஆகிறது. வலியை உணரும் நாய்க்கு அதை எப்படிப் பொருத்துவீர்கள்?

சொல்லேர்:
தன்னுணர்வு என்பது 'நான்' என்று தன்னை அறிவது. பசித்து அழும் கைக்குழந்தையிடம் அந்த 'நான்' இன்னும் உருவாகவில்லை. பசி மட்டும் முழுதாக இருக்கிறது. குழந்தையின் பசியையும் நீங்கள் சொன்ன நாயின் வலியையும் தன்னுணர்வு வெளியே தள்ளிவிடுகிறது. 'பிரக்ஞையற்றுக் கிடந்தான்' என்ற வழக்கில் சமூகமும் இல்லை, கருத்துத் தெளிவும் இல்லை. அறிதல் அற்றுப்போனது என்பது மட்டுமே இருக்கிறது. ஒலி கடினம்தான். விஞ்ஞானம் என்று படிக்கும் பிள்ளை இதையும் படிக்கும். உங்கள் ஆசிரியர் குழு செய்த திருத்தம் சரியே.