சித்தப்பாவின் போலராய்டு: பேக் போட்டால் சத்தமே வரவில்லை, உதவி தேவை

குமுளிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா 2002இல் ஷார்ஜாவை விட்டு வந்தபோது கொண்டுவந்த போலராய்டு கேமரா (எடுத்த படத்தை உடனே வெளியே தள்ளுகிற ரகம்) எங்களிடம் இருக்கிறது. முகப்பில் 635 சிஎல் என்று எழுதியிருக்கிறது. கம்பத்து வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்த தகரப் பெட்டியில் கிடைத்தது. கூடவே பிரிக்காத 600 பிலிம் பேக் இரண்டு. டப்பாவில் 06/2003 என்று இருக்கிறது.

முதல் பேக்கைப் போட்டுக் கதவை மூடினேன். சத்தமே இல்லை. பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது பேக்கைப் போட்டதும் உள்ளே ஏதோ முனகியது. பிலிமை வெளிச்சம் படாமல் மூடியிருக்கும் கறுப்பு அட்டை பாதி வந்து நின்றுவிட்டது, கையால் இழுத்துத்தான் எடுத்தேன். அப்புறம் இரண்டு படம் எடுத்தேன். முதல் படத்தில் அடியில் மட்டும் ஒரு வெளிறிய பட்டை, மேலே முழுக்கச் சேற்று நிறம். இரண்டாவதும் கிட்டத்தட்ட அப்படித்தான், நடுவில் குறுக்கே ஒரு கோடு வேறு. மூன்றாவது பாதியில் சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்கிய என் தம்பி கையெல்லாம் பிசுபிசு.

சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்குப் போகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். அப்பத்தாவையும் வைத்து இதே கேமராவில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஆசை. கெட்டது கேமராவா, பிலிமா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

தூக்கணாங்குருவி:
22 வருஷம் பரணில் கிடந்தால் நானும் பாதியில்தான் நிற்பேன்.

செங்கோட்டை ரயிலடி:
முதலில் தம்பியைக் கையைக் கழுவச் சொல்லுங்கள். அந்தப் பசை காரத்தன்மை உள்ளது, தோல் எரியும். கண்ணில் படக்கூடாது.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். இந்த ரகக் கேமராவுக்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. 6 வோல்ட் தட்டை பேட்டரி ஒவ்வொரு பிலிம் பேக்கின் அடியிலும் ஒட்டியிருக்கும். மோட்டார், பிளாஷ், ஷட்டர் எல்லாமே அதில்தான் ஓடும். புது பேக் போட்டதும் மோட்டார் கறுப்பு அட்டையை வெளியே தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் பெரும்பாலும் பேட்டரி செத்திருக்கும். உங்கள் முதல் பேக் அப்படி. இரண்டாவது முனகியிருக்கிறது, படமும் தள்ளியிருக்கிறது. ஆக, கேமரா உயிரோடு இருக்கிறது. சித்தப்பாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

சேற்று நிறத்துக்குக் காரணம் இது. படத்தின் அடியில் அகலமான வெள்ளை விளிம்பு இருக்கிறதே, அதற்குள் பசை நிரம்பிய பொட்டலம் இருக்கிறது. படம் வெளியே வரும்போது இரண்டு ரோலர்கள் அதை நசுக்கி, பசையை அடியிலிருந்து மேல்நோக்கி மெல்லிய படலமாக இழுத்துவிடும். போலராய்டு படத்தில் தெரியும் வெண்மை அந்தப் பசையில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடுதான். பசை எட்டாத இடத்தில் வெள்ளையும் கிடையாது, படமும் கிடையாது. உங்களுடையதில் பசை பாதி காய்ந்திருக்கிறது. பேட்டரியும் சோர்ந்ததால் ரோலர் ஒரே வேகத்தில் ஓடவில்லை. ஓட்டம் ஒரு கணம் தடுமாறினாலும் குறுக்கே கோடு விழும்.

ரோலரையும் ஒருமுறை பாருங்கள். பிலிம் கதவைத் திறந்தால் எதிரிலேயே இருக்கும். காய்ந்த பசைத் துணுக்கு ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து, விரலால் உருட்டி உருட்டி முழு வட்டமும் பாருங்கள். விட்டுவிட்டால் ஒவ்வொரு படத்திலும் சம இடைவெளியில் புள்ளி விழும்.

குமுளிக்காரி:
ரொம்ப நன்றி அண்ணா. ரோலரில் நிஜமாகவே கடுகு அளவில் இரண்டு கட்டி இருந்தது, துடைத்துவிட்டேன். தம்பியும் கழுவிவிட்டான். சித்தப்பாவிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அப்போ வேற பிலிம் வாங்கலாமா?" என்கிறார். இன்னும் கிடைக்கிறதா?

மேட்டுப்பாளையத்து மழை:
எதற்கு இந்தப் பாடு? இதே மாதிரி உடனே படம் தரும் இன்ஸ்டாக்ஸ் மினி கேமரா வாங்கிவிடுங்கள். கேமராவுக்குத் தனி பேட்டரி, பேக்குக்குப் பத்துப் படம், கடைகளிலும் கிடைக்கும். ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேக் எடுத்தேன், ஒன்றுகூடக் கெடவில்லை.

செங்கோட்டை ரயிலடி:
நல்ல கேமராதான், மறுக்கவில்லை. ஆனால் படம் 62க்கு 46 மில்லிமீட்டர். பத்துப் பேரை நிறுத்தினால் அப்பத்தாவின் தோடுகூடத் தெரியாது. அதோடு அவர்கள் கேட்பது சித்தப்பாவின் கேமராவுக்கு.

பிலிம் கிடைக்கிறது. போலராய்டு நிறுவனம் 2008இல் பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. நெதர்லாந்தில் என்ஸ்கெடே ஊரில் இருந்த ஆலையைச் சிலர் விடாமல் பிடித்து, 2010இல் புதிதாக ஒரு பிலிமைக் கொண்டுவந்தார்கள். இப்போது போலராய்டு பெயரிலேயே அது வருகிறது. விலைதான் கடிக்கும். வாங்கும்போது டப்பாவில் 600 என்று இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். ஐ-டைப் என்று இன்னொன்று உண்டு, அதில் பேட்டரியே இல்லை. உங்கள் கேமராவில் போட்டால் கல் மாதிரி இருக்கும். நான் ஒருமுறை ஏமாந்தவன்.

புது பேக்கில் எட்டுப் படம்தான். பழைய கேமராவின் எண்ணிக்கை பத்திலிருந்து இறங்கும் என்பதால் 2 என்று காட்டும்போதே தீர்ந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறைத் தறி:
ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். புது பேக் தீர்ந்ததும் காலி பேக்கைத் தூக்கிப் போடாதீர்கள் தங்கச்சி! அதன் பேட்டரியில் இன்னும் உயிர் இருக்கும். உங்கள் முதல் பேக்கில் இருக்கும் பழைய பிலிம் தாள்களை அதற்குள் மாற்றலாம். நான் செய்திருக்கிறேன்.

ராத்திரி, ஜன்னல் இல்லாத அறை, செல்போன் வெளியே. கதவிடுக்கில் துண்டைச் செருகுங்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்தும் உங்கள் கை உங்களுக்கே தெரியக்கூடாது. முதல் பேக்கை எடுத்து மேலிருக்கும் கறுப்பு அட்டையை வாய்ப்பகுதி வழியே உருவிப் பக்கத்தில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு தாளாகத் தள்ளி எடுத்து, திசை மாறாமல் அடுக்குங்கள். பசைப் பொட்டலம் இருக்கும் அகல விளிம்பை விரலால் அழுத்தவே கூடாது. காலி பேக்கில் உள்ளே ஸ்பிரிங் தகடு மேலே முட்டிக்கொண்டு நிற்கும், அதைக் கட்டைவிரலால் தாழ்த்தி ஒவ்வொன்றாக நுழையுங்கள். அகல விளிம்பு ரோலர் பக்கம், படம் தெரியும் முகம் மேலே. எட்டுக்கு மேல் திணிக்க வேண்டாம். கடைசியில் கறுப்பு அட்டை. பேக்கைப் போட்டதும் அது தானே வெளியே வந்தால் ஜெயித்தாச்சு.

முதலில் வெளிச்சத்தில் காலி பேக்கையும் கெட்டுப்போன தாளையும் வைத்து நாலு தடவை பழகுங்கள். நான் பழகாமல் செய்து மூன்று தாளைத் தலைகீழாகப் போட்டேன்.

லோயர்கேம்ப் வளைவு:
என் பங்குக்கு ஒன்று. புது பிலிமுக்கு 13 முதல் 28 டிகிரி வரைதான் ஒத்துவரும். சித்திரையில் கம்பத்து வெயிலில் எடுத்தால் மஞ்சளும் சிவப்பும் ஏறும். மேலே குமுளியிலேயே எடுங்கள். மார்கழிக் காலை என்றால் அங்கேயும் நீலம் பாயும், அப்போது படத்தைச் சட்டைக்குள் வைத்துக் காக்க வேண்டும். பிரிக்காத பேக்கைப் பிரிட்ஜில் வைக்கலாம், பிரீசரில் வேண்டாம். எடுத்த படத்தை வெளிச்சம் படாமல் கவிழ்த்து வையுங்கள், கலருக்குப் பத்துப் பதினைந்து நிமிஷமாகும். விசிற வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். படம் பிளாஸ்டிக்குக்குள் மூடியிருக்கிறது, காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

குமுளிக்காரி:
முடிந்தது, சொல்கிறேன்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மதியம், மாடிப்படி நிழலில். புது பேக்கைப் போட்டதும் கறுப்பு அட்டை 'ழ்ழ்ழ்' என்று ஒரே மூச்சில் வந்தது. சித்தப்பா, "இதான், இந்தச் சத்தம்தான்" என்று எங்களை விட்டுவிட்டு கேமராவிடம் பேசினார். எட்டில் ஆறு சுத்தமாக வந்தது. ஒன்றில் எங்கள் மாமா கண்ணை மூடிவிட்டார், இன்னொன்றை சித்தப்பா விசிறிவிட்டார் (தடுத்தும்!). அது கெடவில்லை என்றாலும் வெளிச்சம் பட்டு ஓரம் வெளுத்திருக்கிறது.

ராத்திரி ஏலக்காய் மூட்டை வைக்கும் அறையில் தாள் மாற்றினேன். வாசனையில் மூச்சு முட்டியது. எட்டுத் தாளில் ஏழு சரியாக ஏறியது, எட்டாவது மடங்கிப் போனது. மறுநாள் எடுத்ததில் மூன்று வெறும் சேறு. இரண்டில் அடிப்பாதி மட்டும் வந்திருக்கிறது, எல்லாம் காவி நிறத்தில். அந்த இரண்டில் ஒன்றில் அப்பத்தாவின் மடி, வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி பிடித்த கை. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அதைத்தான் சித்தப்பா பர்சில் வைத்திருக்கிறார்.

மிச்சம் இரண்டு தாள் கேமராவிலேயே இருக்கிறது. வெளிச்சம், இருட்டு என்று லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளு பட்டன் இருக்கிறதே, அதைப் பழைய பிலிமுக்கு எந்தப் பக்கம் வைக்கட்டும்?

கொழிஞ்சாம்பாறைத் தறி:
வெளிச்சத்தின் பக்கம், முழுசாக. பழைய பிலிம் வேகம் இழந்திருக்கும், அதாவது வெளிச்சத்தை முன்போல் உணராது. பிளாஷ் போட்டால் ஒன்றேகால் மீட்டருக்கு உள்ளே போகாதீர்கள். சீக்கிரம் எடுத்துவிடுங்கள், பேட்டரியும் காத்திருக்காது.