ஜாங்கோ: நூல்களை எடுக்க எழுதியது ஒரே வரி, ஓடுவது 201 வினவல்கள்

கேள்வி:

வணக்கம். பைத்தான் அடிப்படைகளை முடித்துவிட்டு, ஜாங்கோ (பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் கட்டமைப்பு) பழகுவதற்காக நூல் பட்டியல் செயலி ஒன்றை எழுதி வருகிறேன். நூல், ஆசிரியர் என்று இரண்டு மாடல்கள் (தரவுத்தள அட்டவணைகளைக் குறிக்கும் கிளாஸ்கள்) உள்ளன. நூல் மாடலில் ஆசிரியருக்கு ஃபாரின் கீ, அதாவது ஆசிரியரின் ஐடியைச் சுட்டும் புலம், வைத்திருக்கிறேன். சோதனைக்காகச் சில நூல்கள் மட்டும் இருந்தவரை பக்கம் உடனே திறந்தது. இப்போது 200 நூல்களைக் காட்டும்போது தாமதம் கண்கூடாகத் தெரிகிறது. வியூவில் (பக்கத்துக்கான தரவை எடுத்துத் தரும் பகுதி) இருப்பது நூல்கள் அனைத்தையும் எடுக்கும் ஒரே வரி. டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் வடிவத்தை எழுதும் கோப்பு) ஃபார் லூப்புக்குள் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் அச்சிடுகிறேன், அவ்வளவுதான். ஜாங்கோ டீபக் டூல்பாரில் பார்த்தால் 201 வினவல்கள் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்) தெரிகின்றன. அவற்றில் 200 வினவல்கள் ஆசிரியரின் ஐடி மட்டும் மாறி, அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கின்றன. தலைப்புக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணைக் குறிப்பு) சேர்த்துப் பார்த்தும் பயனில்லை. இவை எங்கிருந்து வருகின்றன?

மறுமொழி:

வணக்கம். டூல்பாரைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டது நல்லது. விடை அந்த 200 வினவல்களிலேயே இருக்கிறது. பட்டியலுக்கு ஒன்று, அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒன்று என வினவல்கள் ஓடும் இதை 'என் பிளஸ் ஒன்' சிக்கல் என்பார்கள்.

நூல்களை எடுக்கும்போது ஜாங்கோ நூல் அட்டவணையை மட்டுமே படிக்கிறது; ஆசிரியரைப் பொறுத்தவரை அதன் கையில் இருப்பது ஐடி மட்டும்தான். டெம்ப்ளேட் ஆசிரியர் பெயரைக் கேட்கும் அந்த நொடியில்தான் அது தரவுத்தளத்துக்கு மீண்டும் போகிறது. கிடைத்த ஆசிரியரை அந்த ஒரு நூல் ஆப்ஜெக்டில் மட்டுமே சேமித்து வைப்பதால், 10 நூல்களை ஒருவரே எழுதியிருந்தாலும் 10 முறை போய்வரும். இண்டெக்ஸ் உதவாததற்கும் காரணம் உண்டு: ஒவ்வொரு வினவலும் ஏற்கெனவே பிரைமரி கீ, அதாவது ஆசிரியரின் ஐடி, வழியாகவே தேடுகிறது, நேரம் போவது தேடலில் அன்று, 200 முறை போய்வருவதில்.

வியூவில் ஆல் என்பதற்குப் பதிலாக செலக்ட்_ரிலேட்டட் எழுதி, அதற்கு ஃபாரின் கீ புலத்தின் பெயரைக் கொடுங்கள். அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் மூலம் ஒரே வினவலில் இரண்டு அட்டவணைகளும் வந்துவிடும். டெம்ப்ளேட்டைத் தொட வேண்டியதில்லை. பெயர் எதுவும் கொடுக்காமல் அழைத்தால் நல் (வெற்று மதிப்பு) அனுமதிக்காத ஃபாரின் கீகள் அனைத்தையும் அது பின்தொடரும் என்பதால், பெயரைக் குறிப்பிட்டே எழுதுவது நல்லது.

கேட்டவர்:

மிக்க நன்றி, 201 வினவல்கள் 1 ஆகக் குறைந்துவிட்டன. அடுத்து, நூல்களுக்குக் குறிச்சொற்களை மெனி டு மெனி உறவாக (ஒரு நூலுக்குப் பல குறிச்சொற்கள், ஒரு குறிச்சொல்லுக்குப் பல நூல்கள்) சேர்த்தேன். அதையும் செலக்ட்_ரிலேட்டடில் கொடுத்தால் ஃபீல்ட் எர்ரர் வருகிறது. ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட் என்று மாற்றியதும் பிழை நின்றது. ஆனால் வினவல்கள் 202 ஆகிவிட்டன. லூப்புக்குள், பயன்பாட்டில் உள்ள குறிச்சொற்களை மட்டும் ஃபில்டர் செய்து தரும் மாடல் மெத்தட் ஒன்றை அழைக்கிறேன்.

மறுமொழி:

அந்த ஃபில்டர்தான் காரணம். ஒரு நூலுக்குப் பல குறிச்சொற்கள் இருக்கலாம். ஜாயின் செய்தால் வரிசைகள் பெருகும் என்பதால் செலக்ட்_ரிலேட்டட் இங்கே ஏற்காது. ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட் குறிச்சொற்களை இரண்டாவது வினவலில் மொத்தமாக எடுத்து, பைத்தானில் அந்தந்த நூலோடு பொருத்துகிறது. ஆனால் அது எடுத்துவைத்திருப்பது ஆல் என்று கேட்டால் கிடைக்கும் முழுப் பட்டியலை மட்டுமே. அதன்மேல் ஃபில்டரோ ஆர்டர்_பையோ போட்டால் அது புதிய கேள்வியாகிவிடுகிறது. எடுத்துவைத்த பட்டியல் பயன்படாமல் போகிறது. ஆகவே 2 வினவல்களோடு 200 சேர்ந்து 202 வருகிறது.

ஃபில்டரை வியூவுக்குக் கொண்டுவாருங்கள். ப்ரீஃபெட்ச் என்ற கிளாஸில் ஃபில்டர் செய்த குவெரிசெட்டைக் (எவற்றை எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஜாங்கோ ஆப்ஜெக்ட்) கொடுத்து, டு_அட்டர் இடத்தில், அதாவது முடிவைச் சேமிக்கும் பெயராக, மாடலில் இல்லாத ஒன்றைக் கொடுங்கள். அந்தப் பெயரில் சாதாரண லிஸ்ட் ஒன்று நூலோடு வரும். டெம்ப்ளேட்டில் மெத்தடுக்குப் பதிலாக அந்த லிஸ்டை லூப்பில் ஓட்டினால் போதும்.

சரியானதும், வினவல்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அசர்ட்நம்குவெரீஸ் கொண்டு இந்தப் பக்கத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதுங்கள். பின்னாளில் யாராவது டெம்ப்ளேட்டில் புதிய உறவு ஒன்றை அச்சிட்டால், பக்கம் மெதுவாகும்வரை காத்திராமல் டெஸ்ட் அப்போதே தோற்றுவிடும்.

கேட்டவர்:

செய்தேன். இப்போது 2 வினவல்கள் மட்டுமே ஓடுகின்றன. 2 என்ற எண்ணைக் கொடுத்து டெஸ்டும் எழுதிவிட்டேன்.