ஹோமியோலாகஸ் குரோமோசோமுக்கு ஒரு சொல்: ‘பங்காளி’யை முன்வைத்து

ஒரே மூதாதைக் குரோமோசோமின் வழிவந்து, வெவ்வேறு இனங்களில் பிரிந்திருந்து, பின் ஒரே செடியில் வந்து சேர்ந்த குரோமோசோம்களை ஹோமியோலாகஸ் குரோமோசோம்கள் என்பர். இதற்கு ‘அரையொத்த குரோமோசோம்’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. ஒன்றோடொன்று இணைசேரும் ஒரே வகைக் குரோமோசோம்களைக் குறிக்கும் ஹோமோலாகஸ் என்பதற்குப் பாடநூல்களில் ‘ஒத்த’ நிலைத்துவிட்டதால் அதையொட்டி இது அமைந்திருக்கலாம். ஆனால் இச்சொல் ஒப்புமையின் அளவைச் சொல்கிறதே தவிர, உறவின் வகையைச் சொல்லவில்லை.

ரொட்டிக் கோதுமையின் 42 குரோமோசோம்கள் மூன்று வெவ்வேறு புல்லினங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. ஏ, பி, டி எனக் குறிக்கப்படும் அம்மூன்று தொகுதிகளிலும் ஏழேழு இணைகள் உண்டு. 3ஏ, 3பி, 3டி ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே வகை மரபணுக்களை ஏறத்தாழ ஒரே வரிசையில் தாங்கியவை. அப்படியிருந்தும், பாலணுக்கள் உருவாகும் குன்றல் பகுப்பின்போது 3ஏ மற்றொரு 3ஏயோடு மட்டுமே இணைசேர்கிறது. 5பி குரோமோசோமை இழந்த செடிகளில் இக்கட்டுப்பாடு தளர்ந்துவிடுவதை 1958இல் ஆய்வாளர்கள் ரைலியும் சாப்மனும் அறிவித்தனர். அதன் நீண்ட கரத்திலுள்ள ‘பிஎச்1’ என்னும் பகுதியே காவல் என்பது தெளிவாயிற்று. ஆக, இவை சேர இயலாமல் விலகி நிற்கவில்லை, முறையில்லாததால் விலகி நிற்கின்றன. ஒரே மூதாதையின் வழிவந்து, தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிந்து, தமக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லாதவர்களைப் பங்காளிகள் என்கிறோம். ‘பங்காளிக் குரோமோசோம்’ என்று நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

மரபுப்பேற்றின் கணக்கும் இந்த உறவைப் பொறுத்தே அமைகிறது. கோதுமை மணியின் செந்நிறத்தை ஆராய்ந்து 1909இல் சுவீடன் மரபியலாளர் நில்சன்-ஏலே கண்ட விகிதங்களில் ஒன்று, செம்மணிக்கு வெண்மணி 63:1. நிறத்துக்குரிய மூன்று மரபணுக்கள் மூன்று பங்காளிக் குரோமோசோம்களில் அமர்ந்து, ஒவ்வொன்றும் மற்றதைப் பொருட்படுத்தாமல் பிரிவதால், நான்கில் ஒன்று என்னும் பங்கு மூன்று முறை பெருகி 64இல் ஒன்று மட்டுமே வெண்மணியாகிறது. உருளைக்கிழங்கில் நிலைமை வேறு. அதன் 48 குரோமோசோம்கள் நான்கு நான்காக ஒத்தவை. நான்கில் எதுவும் எதனோடும் இணைசேரலாம். ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களான அல்லீல்களில் ஓங்கு வகை இரண்டும் ஒடுங்கு வகை இரண்டும் கொண்ட செடியில் ஒடுங்கு அல்லீல்களை மட்டும் பெறும் பாலணு ஆறில் ஒன்று. எனவே தன்மகரந்தச் சேர்க்கையில், சென்ட்ரோமியருக்கு (குரோமோசோமின் இரு கரங்களும் சேரும் இடத்துக்கு) அருகிலுள்ள மரபணுவுக்கு, ஓங்கு பண்புக்கு ஒடுங்கு பண்பு 35:1 என்ற விகிதம் கிடைக்கிறது. இங்கே பங்காளிகளே இல்லை, அனைத்தும் உடன்பிறப்புகள். (உவமையை இதற்குமேல் இழுத்தால் உடன்பிறந்தோருக்கு மணம் முடிக்க நேரும் என்பதால் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.)

‘கிளையொத்த’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். கிளை என்றால் சுற்றம் என்ற பழம்பொருள் அழகானதுதான். ஆனால் இன்றைய மாணவர் கிளைவிட்ட குரோமோசோம் என்றே கொள்வார். ‘பங்காளி’யில் பாகப்பிரிவினை வழக்கின் வாடை வீசுகிறது என்ற மறுப்பு எழக்கூடும். அதனால் பொருள் திரிவதாக எனக்குத் தோன்றவில்லை. கலைச்சொல்லுக்கு வேண்டிய மற்றொரு தகுதி, பிற சொற்களோடு மயக்கமின்றிச் சேர்வது. ‘அரையொத்த இணைவு’ என்று எழுதினால் இணைவே பாதியில் நின்றுவிட்டதுபோல் படிக்க இடமுண்டு. ‘பங்காளி இணைவு’ என்பதில் யாரோடு யார் இணைகிறார் என்ற ஐயம் இல்லை.