ஜேஎஸ்கான்டெக்ஸ்ட் மெமரியை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, உதவி தேவை

ஐஃபோன் ஆப் ஒன்றில் தள்ளுபடிக் கணக்கை மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, ஆப்பிளின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான ஜாவாஸ்கிரிப்ட்கோர் வழியாக ஓட்டுகிறேன். அந்தக் கோடு ஓடும் சூழல்தான் ஜேஎஸ்கான்டெக்ஸ்ட். கணக்கு சரியாக வருகிறது. சொன்ன நேரம் கழித்து ஒரு ஃபங்ஷனை ஓட்டும் செட்டைம்அவுட் தான் வேலை செய்யவில்லை. அது பிரவுசர் தருவது, எஞ்சினில் கிடையாது என்று புரியவே எனக்கு அரை நாள் போனது (சிரிக்காதீர்கள்). சரி என்று ஸ்விஃப்டில் ஒரு குளோஷர் எழுதி அதே பெயரில் மாட்டினேன். டைமர் ஓடுகிறது.

அப்புறம் பார்த்தால், பில் திரையை 20 முறை திறந்து மூடினால் மெமரியில் 20 கான்டெக்ஸ்ட் உட்கார்ந்திருக்கின்றன! டைமர் அடித்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷனை, அதாவது கால்பேக்கை, ஜேஎஸ்வேல்யூவாக (ஜாவாஸ்கிரிப்ட் மதிப்பை ஸ்விஃப்டில் வைத்துக்கொள்ளும் ஆப்ஜெக்ட்) டிக்‌ஷனரியில் வைத்திருக்கிறேன். ஜேஎஸ்வேல்யூ தன் கான்டெக்ஸ்டை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் சந்தேகம் அங்கேதான். அப்படி இறுகப் பிடிக்காத ஜேஎஸ்மேனேஜ்டுவேல்யூவுக்கு மாற்றினாலோ, டைமர் அடிப்பதற்குள் கால்பேக்கே காணாமல் போகிறது.

கால்பேக் காணாமல் போகாமல் இருக்க, அதன் ஓனராக எந்த ஆப்ஜெக்டைப் பதிவு செய்வது, எப்போது நீக்குவது? இதைச் செய்து பார்த்தவர்கள் நாலு வரி கோடு காட்டினால் போதும்.