திருமயம் 1245-ஆம் ஆண்டுக் கல்வெட்டின் வாசகம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிப் பள்ளி மாணவர்களைத் திருமயத்துக்கு அழைத்துச் செல்லவிருப்பதால், அங்குள்ள குடைவரைகளை (பாறையைக் குடைந்து அமைத்த கோயில்களை)ப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். கோட்டையைப் பற்றி எழுதுவோர் பலர். இராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதி 1687-இல் கட்டியது என்ற ஒரு வரியோடு நான் அதைக் கடந்துவிடுவேன்.

எனக்கு வேண்டியது, ஒரே பாறைச் சரிவில் அடுத்தடுத்து அமைந்த இரு கோயில்களின் செய்தி. பெரிய இலிங்கோத்பவர் (இலிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவன்) சிற்பமுள்ள சத்தியகிரீசுவரர் கோயிலுக்கும், திருமங்கையாழ்வார் பாடிய சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலுக்கும் இடையே வருவாயைப் பங்கிடுவதில் எழுந்த வழக்கு, 1245-இல் போசள (ஹொய்சள) அரசின் தளபதி அப்பண்ண தண்டநாயக்கரின் முன்னிலையில் தீர்த்துவைக்கப்பட்டது. இதைச் சைவ வைணவப் பூசல் என்று மட்டும் சொல்லிச் செல்வது போதாது என்பது என் கருத்து. நிலமும் நெல்லும் கலந்த வழக்கை மாணவர்கள் அப்படியே அறிய வேண்டும். (நம் பக்கத்துப் பங்காளி வழக்குகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்!)

புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுதியை வைத்திருப்பவர்கள், அக்கல்வெட்டின் மூல வாசகமுள்ள பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால் நன்றியுடையவனாவேன். பழைய அளவைப் பெயர்களுக்கும் வரிப் பெயர்களுக்கும் பொருள் சொல்லக்கூடிய கல்வெட்டறிஞர் எவரேனும் அருகில் இருந்தால், அவரிடம் அறிமுகப்படுத்திவைக்கவும் வேண்டுகிறேன்.