மெக்சிகோ புரட்சி அச்சுப்படங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

காகிதப்பூ:
வாயில் சங்கிலியும் பூட்டும் மாட்டிய அந்த முகம், மெக்சிகோ கலைஞர் மெக்ஸியாக்கின் லினோகட், அதாவது தரைவிரிப்பு மாதிரியான லினோலியத்தில் வெட்டி அச்சடித்த படம். 1968 மாணவர் போராட்டம் என்றாலே வருமே, அதுதான். போனில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் மெக்சிகோ நகரத்தில் ஒரு கண்காட்சியில் தாளுக்கு முன்னால் நின்றபோதுதான் கன்னத்தில் உளி ஓடிய தடம் ஒவ்வொன்றும் தெரிந்தது. வெள்ளையாக இருப்பதெல்லாம் தோண்டி எடுத்த இடம், கறுப்பெல்லாம் விட்டுவைத்த இடம். பக்கத்தில் ஒரு பெரியவர் கூட வந்த சிறுமியிடம் படத்தைக் காட்டி, தன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். ஒலிம்பிக்ஸ் தொடங்கப் பத்து நாள் இருக்கையில் அதே நகரத்தின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களைச் சுட்டார்களே, அன்றைக்கு இவர் எங்கே இருந்திருப்பார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பானிஷ் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

வடகரையான்:
அந்தப் படம் 68-க்காக வெட்டியதே இல்லை. 1954-இல் சிஐஏ துணையோடு குவாதமாலாவில் அதிபர் ஆர்பென்ஸின் ஆட்சியைக் கவிழ்த்ததை எதிர்த்து வெட்டியது. மாணவர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள், சரி, ஆனால் குவாதமாலாவை விட்டுவிட்டுப் பேசினால் பாதிக் கதைதான்.
என்னை விடாமல் துரத்துவது இன்னொரு மெக்சிகோ அச்சுக்கலைஞர் லியோபோல்டோ மெண்டெஸின் ரயில் படம். திறந்த சரக்குப் பெட்டி, உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு மனிதர்கள், அவர்கள்மேல் விழும் விளக்கு வெளிச்சம். நாஜிகள் யூதர்களைக் கொண்டுபோனதைப் பற்றி 1942-லேயே மெக்சிகோவில் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். முகாம்களின் புகைப்படங்களை உலகம் பார்த்தது அதற்குப் பிறகுதான். அடுத்த நொடி அந்தக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று தோன்றியதும் அந்த அறையில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

தேன்சிட்டு:
வடகரையான், எதற்காக வெட்டினார்களோ அதோடு படம் நின்றுவிட வேண்டும் என்றால் எலும்புக்கூட்டுக் கேலிப்படங்கள் வெட்டிய அச்சுக்கலைஞர் போசாதாவை இன்று யாருக்குத் தெரியும்? மனிதர் 1913 ஜனவரியிலேயே இறந்துவிட்டார், எலும்புகள்கூடப் பிறகு பொதுக்குழிக்குத்தான் போயின. அவருடைய கத்ரினா என்ற எலும்புக்கூட்டுச் சீமாட்டி வெறும் மண்டையோடும் தொப்பியும்தான், தங்கள் பூர்வகுடி வேரை மறைத்துக்கொண்டு ஐரோப்பியர் மாதிரித் திரிந்தவர்களைக் கிண்டல் செய்து காலணாத் தாளில் விற்ற படம். அவளுக்கு உடம்பு கொடுத்தது ஓவியர் டியேகோ ரிவேரா, மெக்சிகோ நகரத்தின் ஆலமேதா பூங்காவை வரைந்த 1947 சுவரோவியத்தில். அதன் முன் போய் நில்லுங்கள். கத்ரினாவின் கழுத்தில் இறகுப் பாம்பு, ஒரு பக்கம் கைகோத்தபடி போசாதா, மறுபக்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிறுவன் ரிவேரா. தாத்தா, பாட்டி, பேரன் மாதிரி நிற்கிறார்கள். யாருக்கு யார் வாரிசு என்று ரிவேரா பகிரங்கமாகவே சொல்லிவிட்டார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. எடுத்தாள்வது திருட்டும் இல்லை, மறதியும் இல்லை.

மைவிரல்:
தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா நகரில் ஒரு அச்சுப் பட்டறை. ஒரு பையன் புரட்சித் தலைவர் சபாட்டாவின் மரச்செதுக்கில் மை உருட்டி, அழுத்தி, தாளின் மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தான், முதலில் மீசை வந்தது, அப்புறம் தொப்பி. 2006 ஆசிரியர் போராட்டத்தின்போது அந்த ஊர்ச் சுவர்களில் ஒட்டியது இந்த மாதிரித் தாள்களைத்தான். கிழித்தால் என்ன, பலகை கையில் இருக்கும்வரை இன்னொன்று அடிக்கலாம்.
அங்கே போகிறவர்களுக்குச் சில விஷயம். வாங்கும்போது கீழே இடது ஓரத்தில் பென்சிலில் 12/50 மாதிரி எண் இருக்கும் (ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது என்று அர்த்தம்), வலது ஓரத்தில் கையெழுத்து. பழைய சுவரொட்டிகளில் எண் இல்லை என்று ஒதுக்காதீர்கள். மெண்டெஸும் நண்பர்களும் 1937-இல் மக்கள் அச்சுக்கலைப் பட்டறையைத் தொடங்கியதே மலிவாக நிறைய அடித்துத் தெருவுக்குக் கொண்டுபோகத்தான், அதனால் தாளும் மெல்லியதாகத்தான் இருக்கும். மடிக்காதீர்கள், சுருட்டிக் குழாயில் வையுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. சட்டம் போட்டால் கண்ணாடி தாளில் படாமல் நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள், வெயில் விழாத சுவராகப் பாருங்கள். வீட்டில் வெட்டிப் பார்க்க ஆசை இருந்தால் லினோலியத்தைக் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டுங்கள், வெண்ணெய் மாதிரி வெட்டும். பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். எழுத்து இருந்தால் திருப்பி வரைந்து கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அச்சு இயந்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் போதும், ஓரங்களில் மட்டும் இன்னொரு சுற்று.