மெட்டபாலிக் சின்ட்ரோம்: ‘நோய்’ என்ற சொல் வேண்டாமே

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

‘மெட்டபாலிக் சின்ட்ரோம்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று குழுமத்தில் பேசிவருகிறோம். அதற்கு ஐயா முன்வைத்த ‘வளர்சிதைமாற்ற நோய்த்தொகை’யில் முதல் பாதி எனக்கும் உடன்பாடு, பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல் அது. ‘நோய்’தான் இடிக்கிறது.

இடுப்புச் சுற்று, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு. இந்த ஐந்தில் மூன்று சரியில்லை என்றால் இந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். அழுத்தம் 130/85, சர்க்கரை 100 என்றாலே கணக்கில் வந்துவிடும். நம் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 போதும். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மதுரைக்கு வரும் ஒருவருக்கு இந்த அளவுகள் இருந்தால், “சுகர் இன்னும் வரல, பார்த்து இருந்துக்கங்க” என்றுதான் சொல்லி அனுப்புவோம். அவர் சீட்டில் ‘நோய்த்தொகை’ என்று எழுதினால் வீடே கலங்கிவிடும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். 1988இல் அமெரிக்க மருத்துவர் ரீவன் இதை ‘சின்ட்ரோம் எக்ஸ்’ என்று பேசியபோது இன்சுலின் சரியாக வேலை செய்யாததே அடிவேர் என்றார். ஆனால் 2005இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்தே, தனித்தனியாகப் பார்ப்பதைவிட இந்தத் தொகுப்பு கூடுதலாக என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டன. நியாயமான கேள்வி. வயது, புகை, கெட்ட கொழுப்பு மூன்றும் அந்த ஐந்தில் இல்லை. இதயநோய் வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ரேமிங்ஹாம் கணக்கில் வயதும் புகையும் உண்டு. அறுபது வயதில் பீடி குடிக்கும் ஒல்லியான மனிதர் இந்தப் பெயருக்குள் வராமலே போகலாம். அடுத்த பத்தாண்டில் மாரடைப்புக்கு அவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அதற்காக இது வீண் என்று சொல்ல மாட்டேன். இது உள்ளவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு, நீரிழிவு வாய்ப்பு ஐந்து மடங்கு. முப்பது வயதில் தொப்பை விழுந்தவரை உட்காரவைத்துப் பேச இது நல்ல சாக்கு. அவ்வளவுதான் இதன் வேலை, சொல்லும் அதைத்தான் காட்ட வேண்டும்.

என் பரிந்துரை ‘வளர்சிதைமாற்ற இடர்த்திரள்’. எல்லா சின்ட்ரோமுக்கும் ஒரே சொல் வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தார்கள். டவுன் சின்ட்ரோமுக்குக் குரோமோசோம் 21 கூடுதலாக இருப்பது என்ற ஒரே காரணம் உண்டு. இங்கே அப்படி ஒன்று உறுதியாகவில்லை. இடுப்புச் சுற்றை அறிகுறி என்றும் சொல்ல முடியாது. அதனால் இரண்டும் ஒரே சொல்லில் அடங்காது.

‘இடர்’ என்ற சொல் மக்களுக்கான துண்டறிக்கைக்குக் கடினம் என்றால் ‘ஆபத்துத் திரள்’ சரிவருமா? பார்த்துச் சொல்லுங்கள்.